மீன்குஞ்சு வாங்க முதல் இதை வாசியுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் ஒரு பரலும் ஒரு மூலையும் சும்மா கிடப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

சில மாதங்களாக உள்பெட்டியிலும், பெற்றோர் கூட்டத்திலும், கலியாண வீட்டிலும் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான். "டீச்சர், மீனும் மரக்கறியும் ஒண்டா வளர்க்கிற அந்த டேங்க் நல்லமா? மாசம் எவ்வளவு உழைக்கலாம்?"

என் பதில்: நல்லம். ஆனால் உழைக்க அல்ல, சாப்பிட.

இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் விளங்காமல்தான் நம்மட ஆக்கள் சிலர் நகையை ஈடு வைக்கும் அளவுக்குப் போகிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

*

தெரியாதவர்களுக்காக முதலில் சுருக்கமாக. அக்குவாபோனிக்ஸ் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. கீழே ஒரு தொட்டியில் மீன். மேலே சல்லிக்கல் நிரப்பிய ஒரு தட்டில் செடி. ஒரு சின்ன மோட்டர் மீன் தண்ணீரை மேலே ஏற்றும். அது கல்லுக்குள்ளால் இறங்கி, வேரை நனைத்துவிட்டு, திரும்பவும் மீன் தொட்டிக்கே விழும். மீனின் கழிவு செடிக்குச் சாப்பாடு. செடி அதை எடுத்துக்கொள்வதால் மீனுக்குச் சுத்தமான தண்ணீர். மண் வேண்டாம், பசளை மூட்டை வேண்டாம். தண்ணீரை வெளியே கொட்டுவதில்லை. ஆவியாகிப் போனதையும் செடி குடித்ததையும் மட்டும் நிரப்பினால் போதும்.

விளம்பரங்களில் இந்த இரண்டு பேரைத்தான் காட்டுவார்கள்: கொழுத்த மீன், பச்சைப் பசேலென்ற கீரை. மூன்றாவது ஆளைக் காட்டுவதில்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. முழு வேலையையும் செய்வது அந்த மூன்றாவது ஆள்தான். பற்றீரியா.

மீன் தன் பூவினாலும் கழிவினாலும் தண்ணீரில் அமோனியாவை விடுகிறது. அமோனியா மீனுக்கே நஞ்சு. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் மீனுக்கு நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்று மீனுக்குப் பெரிய தீங்கில்லை, செடிக்கோ அது விருந்து. நம்மட பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படம் கீறிப் பாடமாக்கும் நைதரசன் வட்டத்தின் ஒரு துண்டு இது. வித்தியாசம் என்னவென்றால் இங்கே விடை பிழைத்தால் புள்ளி குறையாது, மீன் செத்து மிதக்கும்.

இந்தப் பற்றீரியா கடையில் வாங்கி ஊற்றியவுடன் வேலை தொடங்கும் சாமான் அல்ல. கல்லின் மேல் ஒட்டிப் பெருக அதற்குக் காலம் வேண்டும். நம்மட சூட்டில் ஏறத்தாழ நாலு முதல் ஆறு கிழமை. புதுத் தொட்டியில் முதல் நாளே ஐம்பது குஞ்சு போட்டு, மூன்றாம் நாள் அள்ளிப் புதைப்பவர்கள் "எங்களுக்கு ராசியில்லை" என்கிறார்கள். ராசி அல்ல. சமைக்க ஆளே வராத வீட்டுக்கு விருந்தாளியை அழைத்த கதை.

*

இது நம்மட ஊர்களுக்கு ஏன் தேவை? காத்தான்குடியிலிருந்து சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் வரை கரையோர முஸ்லிம் ஊர்களின் நிலைமை எல்லோருக்கும் தெரியும். நாலு பேர்ச், ஐந்து பேர்ச் வளவில் வீடு கட்டி, பக்கத்துச் சுவரோடு சுவர் முட்டி இருக்கிறோம். மிஞ்சுவது பின்பக்கம் உடுப்புக் காயப்போடும் ஒரு துண்டு நிலம். அதுவும் கடற்கரை மணல். காலையில் ஊற்றும் தண்ணீர் பத்து மணிக்கு இருக்காது. போடும் பசளையும் அதோடு கீழே போய்விடும். சில வளவுகளில் கிணற்றுத் தண்ணீர் உவர்.

சாப்பிடும் மரக்கறியோ நுவரெலியாவிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் லொறியில் வருகிறது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் அந்த முடிவைத் திருப்பியபோது மரக்கறி விலைக்கு என்ன நடந்தது என்பது நம்மட அடுப்படிகளுக்கு நினைவிருக்கும். அடுத்த வருஷம் டீசல் இல்லாமல் லொறி நின்றபோது நடந்ததும் நினைவிருக்கும். ஒரு கட்டு கங்குனாவது வீட்டில் முளைத்தால் என்ன என்று அப்போது நினைக்காத உம்மா யாரும் இல்லை.

இடமில்லாத ஊருக்கு இது பொருந்தும் என்பதற்கு ஒரு உதாரணம் காஸா. 2010க்குப் பிறகு ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் அங்கே பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வீட்டு மொட்டை மாடியில் வைக்கும் சிறு தொகுதிகளைக் கொடுத்தது. நிலமில்லை, தண்ணீர் உவர், கரண்ட் நிச்சயமில்லை. அப்படி இருந்தும் சாப்பாட்டுக் கோப்பையில் ஒரு பங்கு கூரைக்கு மேலிருந்து வந்தது. இந்த முறையைச் சிறிய அளவில் செய்வோருக்காக அதே நிறுவனம் 2014இல் ஒரு விரிவான கைந்நூலும் வெளியிட்டது. நான் கீழே தரும் அளவுகள் பெரும்பாலும் அந்தக் கணக்கு முறையைப் பின்பற்றியவை.

கவனியுங்கள். அங்கேயும் நோக்கம் வீட்டுச் சாப்பாடுதான். யாரும் "மாதம் இவ்வளவு இலாபம்" என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

*

இப்போது கணக்குக்கு வருவோம். விலை எழுதமாட்டேன், இந்தக் கிழமை விலை அடுத்த கிழமை இருப்பதில்லை. அளவு மட்டும் தருகிறேன். விலையை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு ஆரம்பக்காரருக்கு நான் சொல்வது இரண்டு 200 லீற்றர் பிளாஸ்டிக் பரல். ஒன்று மீனுக்கு. மற்றதை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் இரண்டு செடித் தட்டு. ஒரு தட்டு ஏறத்தாழ அரைச் சதுர மீற்றர் பரப்பும் ஒரு அடி ஆழமும் வரும்.

200 லீற்றருக்கு எத்தனை மீன்? கைந்நூல்கள் 1000 லீற்றருக்கு அதிகபட்சம் 20 கிலோ என்கின்றன. புதியவர்கள் அதில் பாதியோடு நிற்பது நல்லது. அப்படியென்றால் நம்மட பரலுக்கு இரண்டு கிலோ. திலாப்பியா ஒன்று 200 கிராம் முதல் 250 கிராம் வரை வளர்ந்தால் எட்டு முதல் பத்து மீன். அவ்வளவுதான். அந்த அளவுக்கு வர நல்ல தீன் போட்டும் ஆறு மாதமளவில் எடுக்கும்.

இரண்டு கிலோ மீன் வளர ஏறத்தாழ மூன்று கிலோ தீன் போகும். 20 வோட்ஸ் மோட்டர் ஒன்று நாள் முழுக்க ஓடினால் மாதம் 14 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆறு மாதத்துக்கு 86 யூனிட். இதில் இன்னொன்றும் உண்டு. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீடுகளுக்கு இந்த 14 யூனிட் கட்டணப் படியையே மாற்றிவிடலாம். உங்கள் பில்லை எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வரவுப் பக்கம்: ஆறு மாதத்தில் இரண்டு கிலோ மீன், அதாவது சின்னக் குடும்பத்துக்கு மூன்று நாலு தரம் ஆணம் காய்ச்சலாம். கூடவே கிழமைக்கு ஒரு சுண்டலுக்குக் கங்குன், கொஞ்சம் பொன்னாங்கண்ணி, கொஞ்சம் கொச்சிக்காய்.

செலவுப் பக்கம்: பரல், குழாய், கல், மோட்டர், தீன், கரண்ட்.

இதில் "மாத வருமானம்" எங்கே இருக்கிறது? கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இதைப் பெரிய அளவில் செய்தால் இலாபம் வராதா என்று கேட்பீர்கள். வரலாம். ஆனால் அது பண்ணை. பண்ணைக்கு முதல், ஆள், சந்தை, ஜெனரேட்டர், அனுபவம் எல்லாம் வேண்டும். பின்வளவில் ஒரு கிட்டை வைத்துவிட்டுப் பண்ணையின் வருமானத்தை எதிர்பார்ப்பது, ஒரு கோழியை வாங்கிவிட்டு முட்டைக் கடை போர்ட் எழுதுவது போல.

யாரும் பெரிய தொகைக்குக் "கம்ப்ளீட் பெக்கேஜ்" என்று கொண்டுவந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை லீற்றர்? எத்தனை கிலோ மீன்? மாதம் எத்தனை யூனிட்? மீன் போட முதல் எத்தனை கிழமை காத்திருக்க வேண்டும்? கடைசிக் கேள்விக்கு "இன்றைக்கே போடலாம்" என்று பதில் வந்தால், பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். அந்த மனுசனுக்கு விற்கத் தெரியும், வளர்க்கத் தெரியாது.

*

செய்யத்தான் போகிறேன் என்பவர்களுக்கு ஒழுங்கு முறை இது.

பரல். சாப்பாட்டுச் சாமான் வந்த பரலாகப் பாருங்கள். அசிட், மருந்து, எண்ணெய் வந்தது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது வந்துகொண்டே இருக்கும். நீலப் பரல் நல்லது. வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும்.

கல். முக்கால் இஞ்சிக் கருங்கல் சல்லி போதும். தூள் போகும்வரை நன்றாகக் கழுவுங்கள். கடற்கரையில் சும்மா கிடைக்கிறது என்று சிப்பியும் முருகைக்கல்லும் கலந்ததை அள்ளாதீர்கள். அதில் சுண்ணாம்பு இருக்கிறது. தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றும். காரமும் சூடும் கூடக்கூட அதே அளவு அமோனியா மீனுக்கு இன்னும் கடுமையான நஞ்சாகும். சந்தேகம் இருந்தால் கல்லின் மேல் நாலு சொட்டு வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அந்தக் கல் வேண்டாம்.

தட்டு. தண்ணீர் வழிந்து கீழே போகும் குழாயின் வாயைக் கல்லின் மேல்மட்டத்துக்கு இரண்டு இஞ்சி கீழே வையுங்கள். மேல் இரண்டு இஞ்சிக் கல் எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். இதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இணையத்தில் காட்டும் "பெல் சைபன்" அழகான வேலைதான், ஆனால் சரிக்கட்டப் பொறுமை வேண்டும். முதல் வருஷம் சாதாரண நேர்க்குழாயே போதும்.

மோட்டர். மணிக்கு ஒரு தரமாவது தொட்டியின் முழுத் தண்ணீரும் சுற்றிவர வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் லீற்றர் கணக்கு உயரம் ஏற்றாமல் எடுத்தது. ஒரு மீற்றர் மேலே ஏற்றினால் நன்றாகக் குறையும். கணக்கில் தேவைப்படுவதை விடப் பெரிதாக வாங்குங்கள். வயரைப் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள், அப்போதுதான் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. ட்ரிப் சுவிச் வேலை செய்யாத வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.

தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மீனுக்கும் ஆகாது, நாம் வளர்க்கப்போகும் பற்றீரியாவுக்கும் ஆகாது. திறந்த பாத்திரத்தில் இரண்டு நாள் வைத்து, பிறகு ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் திலாப்பியா தாங்கும், கீரை தாங்காது. மழைத் தண்ணீர் கலந்து பாருங்கள்.

இனி முக்கியமான இடம். முதல் மாதம் மீன் வாங்காதீர்கள்.

மோட்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனைத் தண்ணீரில் போடுங்கள். அது அழுகி அமோனியா வரும். அதைத் தின்னப் பற்றீரியா வரும். வர்ண மீன் வளர்க்கும் கூட்டாளி யாராவது இருந்தால், நோயில்லாத தொட்டியின் பில்டர் பஞ்சை வாங்கி உங்கள் தண்ணீரில் பிழியுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். கிழமைக்கு இரண்டு தரம் சோதியுங்கள். வர்ண மீன் கடைகளில் சோதனைக் கிட் கிடைக்கும். முதலில் அமோனியா ஏறும், பிறகு இறங்கும். நைத்திரைற்று ஏறும், அதுவும் இறங்கும். இரண்டும் பூச்சியத்துக்குக் கிட்ட வந்து, நைத்திரேற்று மட்டும் தெரிந்தால் வீடு தயார். மூன்றாம் கிழமையளவில் கங்குன் தண்டுகளைக் கல்லுக்குள் ஊன்றிவிடலாம். கங்குனை விட நல்ல ஆரம்பச் செடி இல்லை. முறித்து ஊன்றினால் பிடிக்கும், வெட்ட வெட்டத் தழைக்கும்.

பிறகு எட்டுப் பத்துக் குஞ்சு. அம்பாறைப் பக்கம் இருப்பவர்கள் இங்கினியாகலையில் உள்ள நெக்டாவின், அதாவது தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின், நிலையத்தில் விசாரியுங்கள். குஞ்சு சிறிதாக இருக்கும் காலத்தில் ஒரு தட்டு மட்டும் நடுங்கள். கழிவு குறைவு என்பதால் இரண்டு தட்டுக்கும் சாப்பாடு காணாது. மூன்றாம் மாதம் இரண்டாவது தட்டு. தக்காளி, கத்தரி எல்லாம் அதற்குப் பிறகு.

தீன், ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. சோறு, பாண் போட வேண்டாம். மிச்சம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். சத்துக்காகக் கோழி எருவோ ஆட்டுப் புழுக்கையோ தட்டில் போட வேண்டாம். வயிற்றோட்டக் கிருமி வருவது அந்த வழியால்தான். வல்லாரைச் சம்பல் போல பச்சையாகச் சாப்பிடுவதை நன்றாகக் கழுவியே சாப்பிடுங்கள். செடிக்குப் பூச்சி மருந்து எதுவும் அடிக்கக் கூடாது. மீனுக்குத்தான் முதலில் பிடிக்கும். பூச்சியைக் கையால் பொறுக்குங்கள். அந்த ஒரு தட்டுக்கு அது ஐந்து நிமிட வேலை.

*

விளம்பரத்தில் வராத நாலு விஷயம்.

ஒன்று, பிள்ளைகள். திறந்த தண்ணீர்ப் பரல் உள்ள வீட்டில் தவழும் பிள்ளையும் ஏறும் பிள்ளையும் இருந்தால், கீரையை விடப் பெரிய கவலை அதுதான். மீன் பார்க்க ஸ்டூல் வைத்து ஏறுவார்கள். இறுக்கிக் கட்டிய கம்பி வலை இல்லாமல் ஒரு நாளும் வைக்க வேண்டாம். பூனைக்கும் காகத்துக்கும் அதே வலை.

இரண்டு, டெங்கு. பீ.எச்.ஐ. வந்து பரலைப் பார்த்தால் சும்மா போகமாட்டார், போகவும் கூடாது. மீன் உள்ள தொட்டியில் நுளம்புக் குடம்பி மிஞ்சாது. ஆபத்து மற்ற இடங்களில்: குளோரின் போக வைத்த வாளி, மீன் இல்லாமல் நாலு கிழமை ஓடும் தொட்டி, தண்ணீர் மேலே தேங்கும் தட்டு. மேல் இரண்டு இஞ்சிக் கல் காய்ந்திருக்க வேண்டும் என்றது இதற்காகத்தான். மற்றதை நுளம்பு வலைத் துணியால் மூடுங்கள். அடுத்தது, ஊரில் புகை அடிக்க வரும் நாளில் தொட்டியை முழுதாக மூடுங்கள். நுளம்பைக் கொல்லும் அந்த மருந்து மீனையும் கொல்லும்.

மூன்று, பாரம். அரைப் பரல் சல்லி மட்டும் 150 கிலோ வரும். மீன் பரலோடும் தண்ணீரோடும் கூட்டினால் முழுத் தொகுதியும் அரைத் தொன்னைத் தாண்டும். கொங்கிரீட் தட்டில் வைக்க நினைப்பவர்கள் மேசனிடம் கேளுங்கள், தூணும் பீமும் எங்கே என்று பார்த்து வையுங்கள். தரையில் வைப்பவர்களும் பலகையில் அல்ல, புளொக் கல் அடுக்கி வையுங்கள்.

நாலு, கரண்ட். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த நாடு இது. மோட்டர் நின்றால் தண்ணீரில் ஒட்சிசன் குறையும். மீன் கூடிய தொட்டியில் சில மணித்தியாலத்திலேயே மேலே வந்து வாயைப் பிளக்கும். பத்து மீனோடு நின்றால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். கரண்ட் போனால் தீன் போட வேண்டாம். இடைக்கிடை ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். இயலுமானவர்கள் பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு வேண்டுகோள். வளர்க்க முடியவில்லை என்றால் மீனை வாவியிலோ குளத்திலோ விட வேண்டாம். திலாப்பியாவே 1952இல் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மீன்தான். அழகுக்கு வாங்கிப் பிறகு விட்ட "டேங்க் கிளீனர்" இன்று நாட்டின் நீர்நிலைகளில் பெருகி, மீனவரின் வலையை நாசமாக்குகிறது. சமைத்துச் சாப்பிடுங்கள், அல்லது வளர்க்கும் ஒருவருக்குக் கொடுங்கள்.

*

இனி ஊருக்கு ஒரு கருத்து. சிலருக்குக் கசக்கலாம்.

வாழ்வாதார உதவி என்று கிட் கொடுக்கும் யோசனை சில இடங்களில் பேசப்படுகிறது. நோக்கம் நல்லது. ஆனால் ஐம்பது குடும்பத்துக்கு ஒரே நாளில் ஐம்பது தொட்டியும் ஐம்பது பை குஞ்சும் கொடுத்துப் படம் எடுத்துப் போட்டால், அடுத்த கிழமை ஐம்பது தொட்டியிலும் செத்த மீன். ஆறு மாதத்தில் அந்தப் பரல்களில் மழைத் தண்ணீரும் நுளம்பும். கணவனை இழந்த ஒரு ராத்தாவுக்கு நாம் கொடுத்தது உதவியா, கூடுதல் கரண்ட் பில்லா? அந்தக் காசில் ஒரு தையல் மெஷினோ, நாலு கோழியும் ஒரு கூடுமோ கொடுத்திருந்தால் அவருக்கு அதிகம் உதவியிருக்கும்.

என் யோசனை இது. முதலில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பாடசாலையில் ஒரு தொகுதி. ஒரு வருஷம் ஓடட்டும். விஞ்ஞானப் பாடத்துக்குப் பிள்ளைகள் தண்ணீரைச் சோதித்துக் கொப்பியில் எழுதட்டும், எத்தனை யூனிட் போனது, எத்தனை கட்டுக் கீரை வெட்டினோம் என்று கணக்கு வைக்கட்டும். மாரியில் மழைத் தண்ணீர் நிரம்பி வழியும்போது என்ன செய்வது, கச்சான் வெயிலில் நிழல் வலை எவ்வளவு வேண்டும், விடுமுறையில் யார் தீன் போடுவது எல்லாம் அங்கே தெரிந்துவிடும். கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரையும் அழைக்கலாம். அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு, விரும்பும் குடும்பத்துக்கு மட்டும் கொடுங்கள். கொடுக்கும்போது முதலில் தொட்டி. ஆறு கிழமை கழித்து, தண்ணீரைச் சோதித்த பிறகு குஞ்சு. இரண்டையும் ஒரே நாளில் கொடுக்கும் திட்டத்துக்கு யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வளவில் நல்ல மண் உள்ளவர்களுக்கு இது தேவையே இல்லை. அடுப்படிக் கழிவில் கூட்டெரு செய்து, பையில் நட்டால் இதை விட மலிவாகக் கீரை வரும். மோட்டருக்கு வசதி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஒரு பரலில் நாலைந்து மீன் மட்டும் வையுங்கள். தினமும் இரண்டு மூன்று வாளி அள்ளிச் செடிக்கு ஊற்றுங்கள். அந்த அளவுக்குக் குளோரின் போன புதுத் தண்ணீரை நிரப்புங்கள். கரண்ட் இல்லை, கல் இல்லை. மீனின் கழிவு செடிக்குப் போகிறது, மீனுக்கும் தண்ணீர் மாறுகிறது. இது முழு அக்குவாபோனிக்ஸ் அல்ல என்று யாரும் சொன்னால் சொல்லட்டும். கீரைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பழகிப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் இவ்வளவு கஷ்டத்துக்கும் என்ன பலன் என்று கேட்பீர்கள். மருந்து அடிக்காத கீரை, வாசலில் இருந்து பத்து அடியில். தண்ணீரை வீணாக்காத பழக்கம். தாங்கள் கொட்டும் தீனும் கழிவும் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்து வளரும் பிள்ளைகள். விலையேறும் காலத்தில் அடுப்படிக்கு ஒரு சின்னக் கைப்பிடி. இவை எதற்கும் காசுக் கணக்கு வராது. வராது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குபவர்கள்தான் இரண்டாம் வருஷமும் தொட்டியை ஓட்டுகிறார்கள்.

செய்து பார்த்தவர்கள், வெற்றியோ தோல்வியோ, கீழே எழுதுங்கள். குறிப்பாக உங்கள் ஊர், கிணற்றுத் தண்ணீரின் நிலை, எத்தனை மீன் வைத்தீர்கள் என்பதை எழுதினால் மற்றவர்களுக்கு உதவும். தொடங்கப்போகிறவர்கள் இந்த மாரி முடியட்டும், மாசியில் பரலை வையுங்கள். பங்குனி கடைசியில் தண்ணீரைச் சோதித்துவிட்டு எனக்கு எழுதுங்கள், எத்தனை குஞ்சு வாங்குவது என்று அப்போது பேசுவோம், இன்ஷா அல்லாஹ். அதுவரை மீன் கடைக்காரர் காத்திருக்கட்டும்.